வளைவில் விளக்கு எரியாத நாட்கள்

எங்கள் குடும்பத்தில் அத்தானைப் புகழ்ந்து பேசும் வழக்கம் கிடையாது. அக்கா புருஷன் என்பவர் கிண்டல் செய்வதற்கென்றே வாய்த்தவர் என்பது என் கட்சி. அக்காவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கடமையை நான் குறையில்லாமல் செய்து வருகிறேன். இப்போது அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லப் போகிறேன் என்றால், அதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

அத்தானுக்கு நகராட்சி மின்பிரிவில் வேலை. கடற்கரைச் சாலையின் தெருவிளக்குகள் முழுக்க அவர் பொறுப்பு. ஆள் நெடுநெடுவென்று, உடம்பில் சதை என்பதே இல்லாமல் இருப்பார். கடைக்காரர்கள் எல்லோரும் 'கம்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கம்பத்துக்கு என்ன குறைச்சல், தலையில் வெளிச்சம் இருக்கிறதே என்பார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நகைச்சுவை அது. வேலையில் சேர்ந்த புதிதில் சொன்னதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது மனிதர்களின் முகத்தை அல்ல, கூரையை. துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில், கூடத்துக் குழல்விளக்கு விட்டுவிட்டு எரிவதைப் பார்த்துவிட்டு ஸ்டூல் தேடிப் போனவர் அவர். அக்கா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். புருஷனை இழந்த அந்த அம்மாவே, செய்யட்டும் விடு, ரொம்ப நாளாக இப்படித்தான் கண்ணைக் குத்துகிறது என்று சொன்ன பிறகுதான் கையை விட்டாள். அத்தான் விளக்கைச் சரிசெய்துவிட்டு வந்து, பிறகு முறையாகத் துக்கம் விசாரித்தார்.

நான் கடற்கரைச் சாலையில் ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறவள். பேக்கரி இருக்கும் இடத்தில் சாலை சட்டென்று வளையும். ஒரு பக்கம் எங்கள் பேக்கரி, சலூன், மருந்துக் கடை. எதிர்ப்பக்கம் சுவரும் இல்லை ஒன்றும் இல்லை, மணல் நேரே சாலை ஓரம் வரை ஏறி வந்து கிடக்கும். அதற்கு அப்பால் கடல். விளக்கு இல்லாத காலத்தில் அந்த வளைவில் சைக்கிளில் வருகிறவர்கள் விழுந்து எழுவது வாடிக்கை. ஒரு தடவை விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வேலையில் அத்தானுக்கு ஏணி பிடிக்கும் உதவியாளர் அவர். அதற்குப் பிறகு அத்தான் ஆபீசுக்கு நடையாய் நடந்து, அந்த வளைவுக்குக் கம்பங்களை வாங்கிக் கொண்டுவந்து நட்டார். ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு நான் தனியாக வீட்டுக்கு நடக்கிறேன் என்றால் அந்த விளக்குகள் கொடுத்த தைரியம்தான்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. விரிப்புகளும் தலையணை உறைகளும் மலைபோல் குவியும். அவற்றைக் கொதிநீரில் போட்டு, பிழிந்து, மடித்து அடுக்குவதற்குள் மனிதருக்கு இடுப்பு கழன்றுவிடும். அங்கே ஏறுகிற சூட்டையெல்லாம் வீட்டுக்கு வந்து அத்தான் மேல் இறக்குவாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்குத் திட்டு, போடாத நாளில் போடலாமா என்று யோசித்ததற்குத் திட்டு. அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மணி பார்ப்பார்கள்.

போன வருஷம் ஒரு காலையில் அந்தச் சத்தம் நின்று போனது.

அன்று அக்கா வேலைக்குப் போகிற வழியில் வளைவில் கடலாமைக் குஞ்சுகளைப் பார்த்தாள். அங்கே மணலில் ஆமை முட்டையிட்டிருந்தது யாருக்கும் தெரியாது. குஞ்சுகள் இருட்டியதும் மணலுக்குள்ளிருந்து வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம்தான் கடல் என்று நம்பி நடக்கும். தண்ணீருக்கு மேல் இருக்கும் வானத்து வெளிச்சமே அவற்றுக்குப் போதும். ஆனால் அந்த ராத்திரி கடலைவிடச் சாலை பளிச்சென்று இருந்தது. பாதிக் குஞ்சுகள் வண்டிச் சக்கரத்தில் போயின. மீதி, கம்பத்தின் அடியையே சுற்றிச் சுற்றி வந்து, விடிந்ததும் வெயிலில் காய்ந்து போயின. அக்கா பேக்கரி வாசலில் இருந்த வாளியை எடுத்து அத்தனையையும் பொறுக்கினாள். அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தான் முன்னால் வாளியை வைத்தாள்.

"உங்க வெளிச்சம்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் அவரைத் திட்டவே இல்லை. பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. சாவி எங்கே, தண்ணீர் வந்ததா, சம்பளம் வந்ததா எல்லாம் கேட்பாள். விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசுவாள். ஈரத்துண்டு கட்டிலிலேயே கிடக்கும். அவளே எடுத்து உலர்த்துவாள். எனக்கு அந்த வீட்டுக்குள் நுழையவே பிடிக்காமல் போயிற்று. அத்தானும் நானும் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தோம். விளக்குப் போட்டதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்ததை மனசு ஒப்புக்கொள்ள வேண்டுமே.

அக்கா, ஆமைகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வக் குழுவில் சேர்ந்தாள். முட்டையிடும் காலத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து மணலில் நடப்பாள். முட்டையிட்ட தடம் கண்டால், முட்டைகளைப் பக்குவமாக எடுத்து, குழு வேலி போட்டு வைத்திருக்கும் இடத்தில் புதைப்பார்கள். ஆனால் இட்டவுடன் எடுத்தால்தான் உண்டு. நேரமாகிவிட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்; புரட்டினால் செத்துவிடும். இந்த வருஷம் அக்கா ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட் பார்த்த நாளாகப் பார்த்து ஒரு ஆமை வந்து முட்டையிட்டுவிட்டுப் போனது. அதுவும் எங்கே? அதே வளைவில், பேக்கரிக்கு நேர் எதிரே, கம்பத்துக்குக் கீழே. மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது. இனி அசைக்கக் கூடாது என்று குழுத் தலைவி சொல்லிவிட்டார். சுற்றிலும் வலை கட்டினார்கள்.

அக்கா என் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுவும் போச்சுன்னா, இந்தச் சாலையில என்னால நடக்கவே முடியாதுடி" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேறு சாலை கிடையாது. வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எனக்கும் அந்த மணல் மேல் ஒரு கண்.

குஞ்சு வெளிவரும் காலத்தில் மட்டும் வளைவு விளக்குகளை அணைத்து வைக்கச் சொல்லிக் குழு நகராட்சியில் மனு கொடுத்தது. மின்பிரிவுப் பொறியாளர் நல்ல மனிதர்தான், ஆனால் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. வளைவு இருட்டில் யாராவது விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது, மேலிடத்து உத்தரவு வரட்டும் என்றார். அத்தான் தனியாகப் போய்க் கேட்டதற்கும் அதே பதில்தான். உத்தரவு மேஜை மேஜையாக நகர்ந்து வருவதற்குள் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, தாமே முட்டையிட வந்துவிடும் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

நாள் நெருங்கியது. அப்போதுதான் வளைவில் விளக்குகள் எரியாமல் போயின.

மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கும், எங்கள் வளைவு மட்டும் கும்மிருட்டு. மின்பிரிவு ஆட்கள் பகலில் வந்து, வளைவு விளக்குகளுக்கான மின்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சோதித்தால் எரிந்தது. சாயங்காலமானால் எரியவில்லை. கடைக்காரர்கள் பேய் என்றார்கள், கொஞ்ச நாளில் பேயை விட்டுவிட்டு அத்தானைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் பெட்டியைத் திறந்து எதையோ நோண்டிவிட்டுப் போகிறார், ஆனாலும் எரியவில்லை, கம்பத்துக்கு வயசாகிவிட்டது, கைத்தொழில் மறந்துவிட்டது என்றார்கள். சலூன்காரர் ஒரு படி மேலே போனார். ராத்திரியில் வளைவு மதகின் மேல் அத்தான் தனியாக உட்கார்ந்திருப்பதைத் தாம் கண்ணாலேயே பார்த்ததாகவும், இப்போதெல்லாம் அவர் குடிக்கிறார் போலிருக்கிறது என்றும் சொன்னார். நானும் சும்மா இருந்தேனா? இருட்டில் கல் தடுக்கிச் செருப்பு அறுந்த கோபத்தில், சம்பளம் வாங்குகிறீர்களே எதற்கு என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். சரி பண்றேன், சரி பண்றேன் என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஒரு கம்பம் இருட்டாக இருந்தால் சாப்பாடு இறங்காத மனிதர் அவர். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அக்காவோ, அத்தான் வேலையில் கோட்டை விட்டதுதான் ஆமைகளின் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

எனக்கு ரகசியம் தங்காது. பிறகு தெரிந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வளைவின் விளக்குகளை யாரும் கையால் போடுவதில்லை. பெட்டியின் தலையில் ஒரு சின்னக் கண் இருக்கிறது. ஆபீசில் அதற்கு சென்சார் என்று பெயர், அத்தான் கண் என்றுதான் சொல்வார். சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் அது பகல் என்று நினைத்து விளக்கை அணைத்து வைக்கும். இருட்டினால் போட்டுவிடும். அத்தான் என்ன செய்தார் என்றால், ஒரு துண்டுக் குழாயை அந்தக் கண்ணின் மேல் பொருத்தி, குழாயின் மறு முனையில் ஒரு டார்ச்சைச் செருகி எரிய விட்டார். வெளியே ராத்திரி, கண்ணுக்கு மட்டும் விடிய விடியப் பகல். காலையில் வந்து கழற்றிக்கொண்டு போவார். ஃபியூஸைப் பிடுங்கி வைத்தால் சோதிக்க வருகிறவர்கள் போட்டுவிடுவார்கள். இதில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. அதோடு விடவும் இல்லை. இருட்டு வளைவில் யாராவது விழுந்துவிடக் கூடாதே என்று, ராத்திரி தாமே மதகின் மேல் உட்கார்ந்து, வருகிற வண்டிகளுக்குச் சிவப்பு டார்ச்சைக் காட்டி மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார். சலூன்காரர் குடி என்று சொன்னது இதைத்தான்.

ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அக்காவிடம்கூட ராத்திரி வேலை என்றே சொல்லி வைத்திருந்தார்.

அன்று மத்தியானம் நல்ல மழை. மணல் குளிர்ந்துவிட்டது. முட்டைக் குழியின் மேல் மணல் லேசாக உள்வாங்கியிருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தார்கள். குஞ்சுகள் கீழே முண்டத் தொடங்கிவிட்டன என்று அதற்கு அர்த்தம். சாயங்காலம் வரக்கூடும் என்று குழு தயாராக வந்து நின்றது. எங்கள் முதலாளியைக் கெஞ்சிக் கூத்தாடிப் பேக்கரிப் பெயர்ப்பலகை விளக்கை அணைக்க வைத்திருந்தேன். சலூன்காரர் மட்டும், தாடியை இருட்டில் மழித்தால் காது போய்விடும் என்று சொல்லி மறுத்துவிட்டார்.

அதே நேரம் பார்த்துப் பொறியாளர் அத்தானை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். கடைக்காரர்கள் புகார் மேல் புகார் கொடுத்து அவரைத் தூங்கவிடவில்லை. அதனால் அத்தான் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து டார்ச்சைச் செருகி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் வாளியை வைக்கப் போனபோது குழாயின் இடுக்கிலிருந்து வெள்ளை வெளிச்சம் கசிவதைப் பார்த்தாள். குழுவில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. மணலுக்குப் பக்கத்தில் எந்த டார்ச் இருந்தாலும் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்ற வேண்டும். சிவப்பு வெளிச்சம் குஞ்சுகளின் கண்ணை அவ்வளவாக இழுக்காது. அக்கா தன் பையில் தாளையும் ரப்பர் பேண்டையும் எப்போதும் வைத்திருப்பாள். இந்த விதி விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பழுது பார்க்க வந்த மின்காரர்கள் யாரோ ஏதோ காரணத்துக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தாள். டார்ச்சை உருவினாள். தாளை மூன்று மடிப்பாகச் சுற்றினாள். ரப்பர் பேண்டைப் போட்டாள். மறுபடி குழாயிலேயே செருகி வைத்துவிட்டு மணலுக்குப் போனாள்.

இருட்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்து பார்த்தேன், அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். முதலாளியிடம் சொல்லாமலே குடையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினேன். மணல் கொப்பளித்தது. கறுப்பாக ஒரு தலை, ஒரு துடுப்பு, பிறகு கொத்தாக அத்தனையும். உள்ளங்கையில் அடங்குகிற உயிர்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு அப்படி ஓர் அவசரம். கடல் பக்கத்து வலையைத் தூக்கிவிட்டார்கள். குஞ்சுகள் நேரே கடலைப் பார்த்து நடந்தன. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள்.

வளைவில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சென்று எரிந்தன.

முன்னால் போன குஞ்சுகள் நின்றன. தலையை அசைத்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, வலையைச் சுற்றிக்கொண்டு, சாலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன. குழிக்குள்ளிருந்து புதிதாக வந்தவையும் அதே வழியில் வந்தன. அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மணலில் மண்டியிட்டாள். அவள் ஒருத்தியின் கை எத்தனையை மறைக்கும்? எனக்கு அந்த நேரம் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பஸ் வரும். நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் போய் நின்றேன்.

ஆபீசில் நடந்ததைப் பொறியாளர் பிறகு சொன்னார். அத்தானை நிற்க வைத்துக் கண்டித்துக்கொண்டிருந்தாராம். ஜன்னலுக்கு வெளியே வளைவுப் பக்கம் வெளிச்சம் வந்ததும், பார்த்தீர்களா, தானே சரியாகிவிட்டது என்று சந்தோஷமாகத் திரும்பியிருக்கிறார். அத்தான் அங்கே இல்லை. படியில் அவர் ஓடுகிற சத்தம்தான் கேட்டதாம்.

அவர் ஓடி வந்ததை நான் பார்த்தேன். அந்த நெட்டைக் கால்கள் அப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. நேரே பெட்டிக்குப் போனார். பூட்டைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வளைவு இருண்டது. ஆனால் சலூன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி வேறு. ஒரு விளக்கு பத்தாகத் தெரிந்தது. அத்தான் சலூன் வாசலில் போய் நின்றார். யாரிடமும் எதற்கும் கேட்டு நிற்காத மனிதர், தன்னைக் குடிகாரன் என்று சொன்னவரிடம் போய்க் கைகூப்பினார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் அணைச்சு வைங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

சலூன்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே சாலையைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். அதோடு நிற்காமல் மருந்துக் கடைக்கும் அவரே போய்ச் சொன்னார். நாற்காலியில் இருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு வெளியே வந்து, என்ன தேட வேண்டும் என்று கேட்டார்.

பஸ் வந்தது. நான் குடையோடு அசையாமல் நின்றேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். முகப்பு விளக்கை அணையுங்கள், உங்கள் சக்கரத்துக்கு அடியில் குழந்தைகள் இருக்கின்றன என்றேன். ஆள் வெலவெலத்துப் போய் அணைத்துவிட்டு இறங்கினார். எந்தக் குழந்தைகள் என்று தெரிந்ததும் என்னைத் திட்டிக்கொண்டே குனிந்து தேடத் தொடங்கினார். பின்னாலேயே ஸ்கூட்டரில் பொறியாளர் வந்தார். அவரையும் விளக்கை அணைக்கச் சொல்லி அதட்டினேன். அவர் பொறியாளர் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரம் அது முக்கியமாகப் படவில்லை.

சிவப்பு டார்ச்சுகளை வைத்துக்கொண்டு சாலையை அங்குலம் அங்குலமாகத் தேடினோம். பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, மருந்துக் கடைப் படியில் ஒன்று, சலூன் மிதியடியில் இரண்டு. சாக்கடை மூடியின் இடுக்கில் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. அக்கா சாலையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு எடுத்தாள். பொறியாளர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அதில் போட்டுச் சுமந்தார். நசுங்கியது என்று ஒன்றுகூட இல்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஒன்றுகூட இல்லையா என்று. இல்லை என்றார்கள்.

ஈரமணலில் கொண்டுபோய் விட்டோம். தண்ணீரில் போடக் கூடாது, தானே நடந்து போக வேண்டும் என்று அக்கா எல்லோரையும் தடுத்து நிறுத்தினாள். இருட்டில், கடலுக்கு மேலே மட்டும் வானம் சற்று வெளுப்பாகத் தெரிந்தது. குஞ்சுகள் அதைக் கண்டுகொண்டன. நடந்தன. ஓர் அலை வந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டது, அடுத்தது இன்னும் கொஞ்சத்தை. பொறியாளரின் ஹெல்மெட்டில் கடைசியாக இருந்தது மட்டும் சோம்பேறி; நடப்பதும் நிற்பதுமாக இருந்தது. பஸ் ஓட்டுநர், பயணிகள், நுரைக்காரர் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதையும் அலை எடுத்துக்கொண்டு போனதும் அக்கா மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நெஞ்சில் ஒரு வருஷமாக இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

பொறியாளர் ஹெல்மெட்டை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். உள்ளே இருந்த மணல் சட்டைக்குள் இறங்கியது. மறுநாள் காலையில் தன்னை வந்து பார்க்கும்படி அத்தானிடம் விறைப்பாகச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை விளக்குப் போடாமலே வளைவு தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போனார். அதைப் பார்த்ததும் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தைரியம் வந்தது. ஆகவும் இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு அத்தான் பெட்டிக்குப் போனார். தந்திரம் எங்கே பிசகியது என்று பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. குழாயிலிருந்து டார்ச்சை உருவினார். சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்கா பின்னால் போய் நின்றாள். நான் வாளியைக் கழுவுகிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தேன்.

"அந்த டார்ச் யாரோடது?" என்று கேட்டாள்.

"என்னோடது."

அக்கா டார்ச்சைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். பெட்டியின் தலையில் இருந்த கண்ணைப் பார்த்தாள். ஒரு மின்காரரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று மடிப்புத் தாள் டார்ச்சின் வெளிச்சத்தை மங்கவைத்ததும், கண் ராத்திரி வந்துவிட்டது என்று நம்பி விளக்குகளைப் போட்டிருக்கிறது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"தாளைச் சுத்தினது நான்தான்" என்றாள்.

"தெரியுது. இவ்வளவு இறுக்கமா ரப்பர் பேண்ட் வேற யாரு போடுவா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அத்தான் முதலில் ஏதேதோ சொன்னார். அவளிடம் சொன்னால் குழுவுக்குத் தெரியும், குழுவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், ஆபீசில் வேலை போகும் என்றார். அக்கா நகரவில்லை. அவர் டார்ச்சை அணைத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் இவ்வளவு செய்யறது உனக்குத் தெரிஞ்சு, அப்படியும் அதுங்க செத்துப்போச்சுன்னா, அப்புறம் நீ யாரைக் கோவிச்சுக்குவ? என்மேல கோவமா இருந்தா உனக்குக் கொஞ்சம் தாங்கும்னு நினைச்சேன். அதான் சொல்லல."

அக்கா அவர் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள். நான் வாளியோடு அப்படியே நின்றேன்.

பிறகு ஆரம்பித்தாள். அறிவிருக்கா உங்களுக்கு என்றாள். பனியில் மதகு மேல் உட்கார்ந்து நெஞ்சுச்சளி பிடித்தால் யார் பார்ப்பது, ஊரெல்லாம் குடிகாரன் என்று சொல்லும்போது வாயில் என்ன கொழுக்கட்டையா, டார்ச் வாங்கத் தெரிந்தவருக்கு வெள்ளை வெளிச்சத்தைக் கண்டால் பொண்டாட்டி சிவப்புத் தாளைச் சுற்றிவிடுவாள் என்று தெரியாதா, கட்டிலில் கிடக்கிற ஈரத்துண்டை எத்தனை நாள்தான் நானே எடுத்து உலர்த்துவேன் என்றாள். ஒரு வருஷத்துத் திட்டு, வட்டியும் முதலுமாக வந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திட்டினாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நடந்தார். நான் பின்னால் போனேன். முகம் தெரியாத இருட்டு. ஆனாலும் அவர் அழுதுகொண்டிருக்கிறார் என்று அந்த ஆமாவிலேயே தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அதற்காக அவள் ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை.